கடைவீதியின் செழிப்பு யாருக்குச் சொந்தம்?



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, பள்ளிக்குப் பக்கத்துச் சந்திலுள்ள தேநீர்க் கடையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். வெகு நாளாகக் காலியாகக் கிடக்கும் பழைய ஆபீஸ் கட்டிடம் ஒன்றை ஒரு கம்பெனி எடுக்கப் போகிறதாம், சில நூறு பேர் வேலைக்கு வருவார்களாம் என்று ஒருவர் சொன்னார். கேட்டவுடன் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். "இனி மத்தியான வியாபாரம் பழையபடி ஆகிவிடும்" என்றார் நாசி கண்டார் கடைக்காரர். மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "கம்பெனி வருவதற்கு முன்னால் வாடகை ஏறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். எங்கள் சந்தோஷம் அத்தோடு பாதியாகிவிட்டது.

அன்று முதல் இரண்டு கேள்விகள் என் மனதைக் குடைந்துகொண்டிருக்கின்றன. ஒரு கம்பெனி ஓரிடத்தை விட்டுப் போகும்போது, அதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு அது ஏதேனும் கடமைப்பட்டிருக்கிறதா? பிறகு கம்பெனிகள் திரும்பி வந்து அந்த இடம் செழித்தால், அந்தச் செழிப்பு யாருக்குச் சொந்தம்? நான் படித்ததெல்லாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும்தான். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல் கல்லாப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில், என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். பிழையிருந்தால் பெரியோர்கள் திருத்த வேண்டும்.

நடுநகரம் காலியான விதம்

நம் தலைநகரமாகிய கோலாலம்பூரையே எடுத்துக்கொள்வோம். க்ளாங், கோம்பாக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1909இல் எழுந்தது மஸ்ஜித் ஜாமிக். அதற்குச் சற்றுத் தூரத்தில், 1863 முதல் நம் மக்கள் தொழுதுவரும் மஸ்ஜித் இந்தியா. இந்த இரண்டு பள்ளிகளையும் சுற்றியுள்ள வீதிகளில்தான் நம்முடைய ஜவுளிக் கடைகளும், புத்தகக் கடைகளும், பணம் மாற்றும் கடைகளும், சாப்பாட்டுக் கடைகளும் வளர்ந்தன. என் அத்தா இங்கே கடை வைத்த காலத்தில், நகரத்தின் பெரிய காரியாலயங்களில் பல இந்த வட்டாரத்திலேயே இருந்தன. 1897இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமது கட்டிடத்தில் நீதிமன்றங்கள் நடந்தன. 1984இல் எழுந்த டாயாபூமி கட்டிடத்தில் பெட்ரோனாஸ் இருந்தது. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஆபீஸ் கதவு திறந்தால், ஒன்றரை மணி வரை எங்கள் கடையில் நிற்க இடமிருக்காது. குமாஸ்தாக்கள் சாப்பிட்ட கையோடு வந்து, பெருநாளுக்குத் துணி எடுத்து, சம்பளம் வாங்கியதும் தருகிறேன் என்று பற்று எழுதிவிட்டுப் போவார்கள். சொன்னபடி தந்தும்விடுவார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. 1990களின் இறுதியில் பெட்ரோனாஸ் தன் இரட்டைக் கோபுரத்துக்குப் போய்விட்டது. 1999இல் பிரதமர் இலாகா புத்ராஜெயாவுக்கு மாறியது. பின்னர் மற்ற அமைச்சுகளும் மாறின. அதே 1999இல் மிட் வேலி அங்காடி மாளிகை திறக்கப்பட்டது. 2007இல் நீதிமன்றங்கள் ஜாலான் டூத்தாவில் புதிய வளாகத்துக்குப் போயின. லெபோ அம்பாங் மூலையில் நெடுங்காலம் இருந்த எச்.எஸ்.பி.சி. வங்கியின் தலைமைக் காரியாலயம் 2022இல் துன் ரசாக் எக்ஸ்சேஞ்சுக்கு மாறியது. இடையில் 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அது தளர்ந்த பிறகும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற பழக்கம் முழுதாகப் போகவில்லை. 2024 ஆகஸ்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை உள்வாங்கி, நம் தேசத்தைப் பார்க்க வந்த ஒரு மாது அந்தக் குழியில் விழுந்து காணாமல் போன துயரத்தை நாம் மறக்க முடியாது. அதன் பின் சாலை அடைபட்டு ஆள் வரத்து நின்றதையும் அங்குள்ள வியாபாரிகள் அனைவரும் அனுபவித்தோம்.

கம்பெனிகள் ஏன் போகின்றன? நம்மை வெறுத்துப் போகவில்லை. பழைய கட்டிடங்களில் மாடிகள் சிறியவை. ஒரே மாடியில் இருநூறு பேரை உட்கார வைக்க முடியாது. லிப்டு அடிக்கடி நிற்கும். கார் நிறுத்த இடமில்லை. கம்ப்யூட்டருக்கு வேண்டிய மின்கம்பிகளும் குளிர்சாதனமும் அந்தச் சுவர்களுக்குள் இலேசில் அடங்கா. புதிய கோபுரத்தில் இவையெல்லாம் தயாராக இருக்கின்றன. புதிய கட்டிடத்தின் முதலாளியோ, முதல் சில மாதங்களுக்கு வாடகை வேண்டாம் என்றுகூடச் சொல்லி அழைக்கிறார். வியாபாரம் தெரிந்த யாரும் இந்தக் கணக்கைத் தவறு என்று சொல்ல முடியாது.

என் கடைக்கு நேர்ந்தது

இருந்தாலும் என் கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் கடைக்கு எதிரே ஒரு கம்பெனி இருந்தது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் வியாபாரத்தில் பாதி அந்தக் கட்டிடத்திலிருந்து வந்தது என்றால் மிகையல்ல. ஒரு வருஷம் எங்கள் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. நான் யோசிக்காமல் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்தேன். கடைக்கு வர்ணம் அடித்து, அலமாரிகளை மாற்றி, பெருநாளுக்கென்று கூடுதலாகச் சரக்கும் இறக்கினேன். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, அந்தக் கட்டிடத்தின் முன்னால் மூன்று லோரிகள் நின்றன. மேஜை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரியும்.

பிறகு விசாரித்தபோது, போவதென்ற முடிவு ஒரு வருஷத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்று அறிந்தேன். நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நாளில் அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அங்கே வேலை பார்த்த அதிகாரி ஒருவர் வாரம் தவறாமல் என் கடைக்கு வருவார். அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பெனியின் உத்தரவு அப்படி என்று பின்னால் வருத்தப்பட்டார். அந்த மூன்று வருஷ வாடகையைக் கட்டி முடிப்பதற்குள், மனைவியின் நகையில் ஒரு பகுதி கைமாறியது.

அந்த நாட்களில் யார் கேட்டாலும் அந்தக் கம்பெனியைத் திட்டாமல் இருந்ததில்லை. "நம்பிக்கைத் துரோகம்" என்றுகூடச் சொன்னேன். ஆனால், சகோதரர்களே, அல்லாஹ் மனிதனுக்கு அவன் முகத்தை எப்படியாவது ஒரு நாள் காட்டிவிடுகிறான்.

நானும் அதையே செய்தேன்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, நகரத்துக்கு வெளியே புதிதாகத் திறந்த ஓர் அங்காடி மாளிகையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. இடம் நல்ல இடம். சுற்றிலும் குடும்பங்கள் குடியிருக்கும் அடுக்கு வீடுகள். முதல் ஆறு மாதத்துக்கு அரை வாடகை. நானும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அளவெடுத்து, அலமாரிக்காரரிடம் விலையும் கேட்டாகிவிட்டது. வீட்டாரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. வியாபாரத்தில் இரகசியம் காப்பது வழக்கம்தானே!

எங்கள் கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில், தூணோரமாக ஒரு தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். அறுபது வயது தாண்டியவர். மாமு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் கடையில் துணி எடுப்பவர்கள் ஓரம் அடிக்கவும், கை நீளம் குறைக்கவும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருக்கு வரும் வேலையில் பெரும்பகுதி எங்கள் கடை வாசலைத் தாண்டித்தான் வருகிறது. எங்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. என் அத்தா காலத்தில் வந்து உட்கார்ந்தவர், அப்படியே இருக்கிறார்.

ஒரு நாள் மாலை கடையைச் சாத்தும் நேரத்தில் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க வேற இடம் போறதாக் கேள்விப்பட்டேன். அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். எனக்கு எப்பச் சொல்லலாம்னு இருந்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் திகைத்து நின்றேன். அவரே தொடர்ந்து சொன்னார்: "புது மிசின் ஒண்ணு தவணைக்கு எடுக்கலாம்னு பேசி வச்சிருக்கேன். நாளைக்கு முன்பணம் கட்டணும். அதனாலதான் கேட்டேன்."

அலமாரிக்காரரின் உதவியாள் மூலம் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. அது போகாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் முன்பணம் கட்டியிருப்பார். நான் மூன்று மாதத்தில் போயிருப்பேன். அந்த வயதில் தவணைக் கடனோடு காலியான கடை வாசலில் அவர் உட்கார்ந்திருப்பார். எதிர்க் கம்பெனி எனக்கு எதைச் செய்ததோ, அதையே நான் அவருக்குச் செய்யத் தயாராக இருந்தேன். அந்தக் கம்பெனிக்காவது என்னை இன்னாரென்று தெரியாது. மாமுவையோ நான் பதினைந்து வயதிலிருந்து அறிவேன்.

போவது பாவமா?

இதை வைத்து நான் பல நாள் யோசித்தேன். போவதே தப்பு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. நஷ்டத்தில் ஓடும் இடத்திலேயே ஒருவன் கிடந்து சாக வேண்டும் என்று எந்த நியாயமும் கட்டளையிடவில்லை. நம் முன்னோர்கள் ஊரைவிட்டுக் கப்பலேறி வந்ததே இடம் மாறியதுதான். அவர்கள் மாறாதிருந்தால் நாம் இங்கே கடை வைத்திருக்க மாட்டோம். பிள்ளை குட்டிகளுக்குச் சோறு போடுவது முதல் கடமை. ஒரு கம்பெனிக்கும் அப்படியே. அதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய குடும்பங்கள் உண்டு.

ஆனால் போவது வேறு, சொல்லாமல் போவது வேறு. சரக்கில் குறை இருந்தால் அதை வாங்குபவனிடம் மறைக்கக் கூடாது என்று நாம் எல்லோரும் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். காரணம் என்ன? விற்பவனுக்குத் தெரிந்ததும் வாங்குபவனுக்குத் தெரியாததுமான ஒரு விஷயத்தால், வாங்குபவன் தன் பணத்தைத் தவறான இடத்தில் போட்டுவிடுகிறான். என் எதிர்க் கம்பெனி எனக்கு எதையும் விற்கவில்லை. நானும் மாமுவுக்கு எதையும் விற்கவில்லை. ஆயினும் எங்கள் மௌனத்தை நம்பி மற்றவர் பணத்தைப் போடுகிறார் என்பது தெரிந்தும் சும்மா இருந்தால், குறையை மறைத்து விற்பதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்?

"வியாபார இரகசியத்தை வெளியில் சொன்னால் போட்டிக்காரன் அந்த இடத்தைக் கொத்திக்கொண்டு போய்விடுவானே" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒப்பந்தம் முடியும் வரை வாயைத் திறக்காமலிருப்பது தொழில் புத்தி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து லோரி வந்து நிற்கும் நாள் வரை எத்தனை மாதங்கள் இருக்கின்றன! அந்த மாதங்களில் சொல்வதற்கு ஒரு காசும் செலவில்லை. பெரிய கம்பெனி ஒன்று ஆறு மாதத்துக்கு முன்பு, "நாங்கள் போகிறோம்" என்று ஒரு காகிதத்தைக் கதவில் ஒட்டினால் போதும். சுற்றியுள்ள சாப்பாட்டுக் கடையும், அச்சுக் கடையும், ஜவுளிக் கடையும் தங்கள் ஒப்பந்தத்தையும் சரக்கையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும். தங்கியே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. என் எண்ணத்தில் போகிறவரின் பாத்தியதை இவ்வளவுதான். இதற்குக் குறைந்தும் இல்லை.

திரும்பி வரும் செழிப்பு

இனி இரண்டாவது கேள்வி. இப்போது நடுநகரத்தை மறுபடி எழுப்ப வேண்டும் என்ற முயற்சி எங்கும் நடக்கிறது. நம் தலைநகரிலும் அதற்கான அறிகுறிகள் உண்டு. இடிபட இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட்டை 1980களில் காப்பாற்றிக் கைவினைப் பொருள் அங்காடியாக்கினார்கள். மஸ்ஜித் ஜாமிக் அருகே ஆற்றங்கரையைச் சுத்தம் செய்து நடைபாதை போட்டார்கள். 2017இல் எம்.ஆர்.டி. இரயில் நடுநகரத்துக்கு அடியில் ஓடத் தொடங்கியது. மெர்டேக்கா ஸ்டேடியத்தின் பக்கத்தில் 118 மாடியும் 678.9 மீட்டர் உயரமும் உள்ள கோபுரம் எழுந்து 2024இல் திறந்து வைக்கப்பட்டது. அங்கே பல மாடிகளை எடுத்துக்கொள்ள மேபேங்க் ஒப்பந்தம் செய்தது. இவற்றால் நடுநகரத்தின் பேர் மறுபடி பத்திரிகைகளில் அடிபடுகிறது.

கம்பெனி வந்தால் ஒரு நகரம் உயிர்பெறும் என்பதற்கு, வாகனத் தொழிலுக்குப் பேர்போன அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டை உதாரணம் காட்டுவார்கள். 1950இல் 18 இலட்சத்துக்கு மேல் ஜனங்கள் வாழ்ந்த நகரம் அது. 2010இல் 7 இலட்சம் சொச்சமாகச் சுருங்கி, 2013இல் நகர நிர்வாகமே திவாலானது. குவிக்கன் லோன்ஸ் என்ற வீட்டுக்கடன் கம்பெனி 2010இல் புறநகரிலிருந்து தன் காரியாலயத்தை அந்த நகரத்தின் நடுவே கொண்டுவந்தது. அதன் முதலாளி காலிக் கட்டிடங்களை வரிசையாக வாங்கிப் புதுப்பித்தார். வீதிகளில் மறுபடி கடைகள் திறந்தன. இது உண்மை. இன்னொன்றும் உண்மை. அதே நகரின் ஆற்றோரத்தில் 1996இல் ஒரு கோபுரக் கூட்டத்தையே வாங்கிக் குடியேறிய ஜெனரல் மோட்டார்ஸ், நடுநகரத்திலேயே வேறொரு புதிய கட்டிடத்துக்குப் போவதாக 2024இல் அறிவித்தது. ஒரு தெருவுக்கு வரவு, இன்னொரு தெருவுக்குச் செலவு. கம்பெனியின் வரவை மட்டும் அஸ்திவாரமாகக் கொண்டு ஒரு கடைவீதி நிற்க முடியாது என்பதை நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

செழிப்பு வந்தபின் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். நம் பினாங்கு இருக்கிறது. 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, 1948ஆம் வருஷம் பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டிடங்களுக்கு வாடகையை இஷ்டம்போல் ஏற்ற முடியாதிருந்தது. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் வருஷத் தொடக்கம் முதல் கட்டுப்பாடு முழுதாகப் போய்விட்டது. ஜார்ஜ்டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர்களும் சிறு தொழிலாளிகளும் ஏராளமாக வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதன் பின் கட்டிடங்களின் விலை மேலும் ஏறியது. கப்பித்தான் கிளிங் பள்ளியைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு இன்று உல்லாசப் பிரயாணிகள் வருகிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் எந்தப் பழைய வாழ்க்கையைப் பார்க்க அவர்கள் வருகிறார்களோ, அதை வாழ்ந்தவர்களில் எத்தனையோ பேர் அங்கே இல்லை.

யாருடைய பங்கு எவ்வளவு?

அப்படியானால் ஏறிய மதிப்பு யாருக்குச் சேர வேண்டும்? பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு என்று சட்டம் சொல்லும். அதில் தகராறு இல்லை. ஆனால் நியாயத்தைச் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். ஒரு கட்டிடத்தின் செங்கல்லும் சுண்ணாம்பும் இருபது வருஷத்தில் தேயுமே தவிர வளராது. விலை ஏறுவது அது நிற்கும் வீதியால். வீதிக்கு மதிப்பு, அங்கே ஜனங்கள் வருவதால். ஜனங்களை வரவழைப்பவர்கள் பலர்: இரயில் போட்ட அரசாங்கம், காரியாலயம் வைத்த கம்பெனி, பாங்கு சொல்லும் பள்ளி, வெறிச்சோடிய காலத்திலும் விளக்கேற்றிக் கடையைத் திறந்து வைத்த சில்லறை வியாபாரி, தூணோரம் தைக்கும் மாமு. இது ஊர்க் கிணறு போன்றது. பலர் சேர்ந்து தூர் வாரிய கிணற்றில் நீர் ஊறும்போது, அது என் மனையோரம் இருக்கிறது என்பதற்காக நான் மட்டும் பூட்டிக்கொண்டால் ஊர் ஒப்புமா?

நம் மார்க்கச் சட்டத்தில் ஷுஃப்ஆ என்ற ஒரு பாடம் உண்டு. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி தன் பங்கை அந்நியருக்கு விற்றால், அதை அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ள மற்றப் பங்காளிக்கு முதல் உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஷாஃபி வழியினர் இதைப் பங்காளியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஹனஃபி வழியினர் பக்கத்து மனைக்காரருக்கும் கொடுத்தார்கள். நம்மில் இரு வழியினரும் இருக்கிறோம். இந்தச் சட்டம் வாடகைக்காரனுக்குச் செல்லுமா என்று நான் பத்வா சொல்ல வரவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் பின்னாலுள்ள எண்ணம் எனக்குப் புரிகிறது. சொத்து என்னுடையதாயிருந்தாலும், அதை நான் என்ன செய்கிறேன் என்பதால் பாதிக்கப்படுபவன் ஒருவன் அருகில் இருக்கிறான். அவனை முதலில் கேள் என்பதே அந்த எண்ணம்.

இங்கே நாம் ஒன்றை மனம்விட்டுப் பேச வேண்டும். வாடகை ஏற்றுகிறவர்கள் எல்லாம் அந்நியர் என்று பேசிக்கொள்கிறோம். நம்மவர்களிலேயே இரண்டு, மூன்று கடைவீடுகளைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு விட்டிருப்பவர்கள் இல்லையா? கல்லாவில் உட்கார்ந்து கட்டிட முதலாளியைத் திட்டுகிறவர், வீட்டுக்குப் போய்த் தன் வாடகைக்காரருக்கு நோட்டீஸ் எழுதுவதும் நடக்கத்தான் செய்கிறது. கம்பெனி வருகிறது என்ற பேச்சு காதில் விழுந்தவுடன், அது வந்து சேர்வதற்கு முன்னாலேயே இரட்டை வாடகை கேட்பது நம்மில் நடக்காமலில்லை.

கட்டிட முதலாளியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் தவறியவனாவேன். 2020இல் கடைகள் மூடிக் கிடந்தபோது, பாதி வாடகை போதும் என்றவர்கள் உண்டு. இரண்டு மாத வாடகையே வேண்டாம் என்று விட்டவர்களும் உண்டு. அவர்களும் வங்கிக்குத் தவணை கட்ட வேண்டியவர்கள்தான். அப்படி நம் கஷ்டத்தில் பங்குகொண்டவர், இன்று வியாபாரம் ஏறும்போது கொஞ்சம் கூட்டிக் கேட்டால் முகம் சுளிப்பது முறையா? கூட்டு வியாபாரத்தில் இலாபத்துக்கு மட்டும் பங்காளி, நஷ்டத்துக்கு அந்நியன் என்றால் நாம் ஒப்புவதில்லை. அதே அளவுகோலை இரு பக்கமும் வைக்க வேண்டும். கெட்ட காலத்தில் வாடகையைக் குறைத்தவருக்கு, நல்ல காலத்தில் வாடகைக்காரன் தானே முன்வந்து கூட்டிக் கொடுக்கட்டும். கெட்ட காலத்தில் கடையைக் காலி செய்யாமல் கட்டிடத்தைக் காத்த வாடகைக்காரனுக்கு, நல்ல காலம் வரும்போது கட்டிட முதலாளி முதல் வாய்ப்பைக் கொடுக்கட்டும். புதியவர் தருவதாகச் சொல்லும் தொகையை முதலில் பழையவரிடம் சொல்லி, "உன்னால் முடியுமா, எவ்வளவு நாளில் முடியும்?" என்று கேட்கட்டும். ஒரேயடியாக ஏற்றாமல் மூன்று வருஷத்தில் படிப்படியாக ஏற்றலாம். இதனால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள்.

திரும்பி வரும் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை. கட்டிடத்துக்கு உள்ளேயே சாப்பாட்டுக் கூடமும் கடைகளும் வைத்துக்கொண்டு, ஊழியர்கள் வெளிவாசல் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், அது நடுநகரத்துக்கு வந்ததாக ஆகாது. காலையில் நிலத்தடி இரயிலில் வந்து, மாலையில் அதே வழியே போய்விட்டால், மேலே உள்ள தெருவுக்கு என்ன பிரயோசனம்? அச்சு வேலையில் ஒரு பகுதி, விருந்துச் சாப்பாட்டில் ஒரு பகுதி, சீருடைத் துணியில் ஒரு பகுதி அக்கம்பக்கத்தில் வாங்கட்டும். நாமும் அதற்குத் தகுதியாக இருக்க வேண்டும். ரசீது ஒழுங்காகக் கொடுக்காமல், அட்டையில் பணம் வாங்க மறுத்து, ஐந்தடி முழுதும் சரக்கை அடுக்கி நடப்பவரை வெயிலில் இறக்கிவிட்டு, "வாடிக்கை வரவில்லை" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

முடிவாக

என் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று இரவே மாமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புது மிசினைத் தள்ளிப்போட்டு, பழையதைப் பழுது பார்த்துக்கொண்டார். நான் அந்த அங்காடி மாளிகைக்குப் போகவில்லை. இதை என் தியாகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கணக்குப் பார்த்தபோது, அங்கே ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை மட்டும் நம்பி வாரம் ஏழு நாளும் ஆள் போட வேண்டியிருந்தது. அதனால் நிறுத்தினேன். அடுத்த வருஷம் வேறோர் இடம் வந்தால் ஒருவேளை போகவும் நேரலாம். இன்றைய நிலையில் போக மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. ஆனால் இடம் உறுதியான மறுநாள் காலை மாமுவுக்குத் தெரிந்திருக்கும். அடுத்தபடி கடைப் பையன்களுக்கும், என்னை நம்பிச் சரக்குத் தரும் மொத்த வியாபாரிக்கும் தெரிந்திருக்கும்.

நம் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் விண்ணப்பம். கடை மாற்றும் அங்கத்தினர் எத்தனை மாதத்துக்கு முன் அக்கம்பக்கத்தாரிடம் சொல்ல வேண்டும், கடைவீடு வைத்திருக்கும் அங்கத்தினர் பழைய வாடகைக்காரருக்கு எப்படி முதல் வாய்ப்பு அளிக்க வேண்டும் என்று நமக்குள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம். சட்டம் வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாம் இதைச் செய்து காட்டினால்தான், பெரிய கம்பெனிகளிடம் போய் "எங்களுக்கும் சொல்லிவிட்டுப் போங்கள்" என்று கேட்க நமக்கு வாய் இருக்கும்.

சென்ற வாரம் தேநீர்க் கடையில் அந்தப் பெரியவரை மறுபடி கண்டேன். கம்பெனி வருவது உறுதியாம். தன் கட்டிட முதலாளி இன்னும் நோட்டீஸ் அனுப்பவில்லை என்றார். "நீங்களே போய் அவரைப் பாருங்கள். அந்த வருஷம் மூன்று மாதம் பாதி வாடகை வாங்கிக்கொண்டாரே, அதை ஞாபகப்படுத்தி, நீங்களாகவே கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள்" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "திங்கட்கிழமை போகிறேன்" என்றார்.

அல்லாஹ் நம் எல்லோருடைய தொழிலிலும் பறக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.

ஒரு ஜவுளி வியாபாரி, கோலாலம்பூர்